இந்தியா போய்த் திரும்பிய வைன்

(எமது வானொலியின் மாதாந்த உரை வரிசையில், ரொக்ஸ்பரோவில் வசிக்கும் நேயர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்.)



இன்றைக்கு ஒரு வைன் போத்தலைப் பற்றிக் கதைக்கப் போகிறேன் என்று சொன்னவுடன், சமையலறையில் நின்று கேட்டுக்கொண்டிருக்கும் அம்மாமார் சிலர் வானொலியின் சத்தத்தைக் குறைக்கக் கையை நீட்டியிருப்பீர்கள். கொஞ்சம் பொறுங்கள். யாரையும் குடிக்கச் சொல்லி நான் இங்கே வரவில்லை. குடி எங்கள் வீடுகளில் என்ன செய்தது என்பது உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். எண்பதுகளின் கடைசியில் ஓர் அறையில் எட்டுப் பேராகக் கிடந்த பெடியள், பனிக்காலத்தில் தனிமை தாங்காமல் தொடங்கிய பழக்கம், பிறகு பெண்சாதி பிள்ளைகள் வந்து சேர்ந்த பின்னும் விடாமல் எத்தனை குடும்பத்தைக் குலைத்தது! அதை மறைத்துவிட்டு இந்தக் கதையைச் சொல்ல எனக்கு மனமில்லை. நான் சொல்ல வருவது குடியைப் பற்றியது அல்ல, காணியைப் பற்றியது. கடைசிவரை கேட்டால் விளங்கும்.

நான் 1986ஆம் ஆண்டு கார்த்திகை மாதம் மிராபெல் விமான நிலையத்தில் வந்து இறங்கினேன். அந்த வருடம் ஆவணி மாதத்தில்தான் 155 தமிழர்கள் இரண்டு உயிர்காப்புப் படகுகளில் நியூபவுண்ட்லாந்துக் கடலில் மிதந்து கண்டெடுக்கப்பட்டார்கள். அதனால் தமிழர் என்றால் யார் என்று இங்குள்ளவர்களுக்குக் கொஞ்சம் தெரிந்திருந்த காலம். எங்களில் பலரைப்போல எனக்கும் முதல் வேலை கோப்பை கழுவுவது. நகரின் நடுப்பகுதியில் ஓர் உணவகம். பெயர் வேண்டாம். பின்பக்கம் நீராவியும் கொழுப்பு மணமும். முன்பக்கம் மெழுகுதிரியும் வெள்ளைத் துணி விரித்த மேசைகளும். இரண்டுக்கும் நடுவில் ஓர் ஊஞ்சல் கதவு. அந்தக் கதவுக்கு அப்பால் நான் போனது மிகக் குறைவு.

1987 மாரியில் ஒருநாள் நிலவறையிலிருந்து வைன் பெட்டி ஒன்றைத் தூக்கிவரச் சொன்னார்கள். மரப்பெட்டி. படியில் ஈரம். கால் வழுக்கி, பெட்டி ஒரு பக்கம் சரிந்து, ஒரு போத்தல் உடைந்துவிட்டது. அந்தப் போத்தலின் விலையை என் சம்பளத்தில் வாரம் வாரமாகக் கழித்தார்கள். எத்தனை வாரம் என்று இப்போது சொன்னால் பிள்ளைகள் நம்ப மாட்டார்கள்.

உடைந்த கண்ணாடியைக் கூட்டி அள்ளும்போது, போத்தலில் ஒட்டியிருந்த கடதாசியில் ஒரு படம். கோபுரம்! ஒன்றல்ல, மூன்று கூரைக் கோபுரங்கள் வைத்த ஒரு கட்டடம். பிரெஞ்சு வைன் போத்தலில் கோயில் மாதிரி ஒன்று ஏன் இருக்கிறது என்று நான் முழித்துக்கொண்டு நிற்க, அங்கே வேலைசெய்த வயதான பரிசாரகர் ஒருவர் வந்து பார்த்தார். அவருக்கும் எனக்கும் பொதுமொழி கிடையாது. என் பிரெஞ்சு அப்போது பத்துச் சொல். அவர் போத்தலைக் காட்டி, பிறகு என்னைக் காட்டி, கையால் கடல் அலை மாதிரி ஆட்டிக் காட்டி, திரும்பத் திரும்ப இந்தியா, இந்தியா என்றார். அன்றைக்கு எனக்கு விளங்கியது இவ்வளவுதான்: இந்த வைன் உங்கள் பக்கம் போய்த் திரும்பி வந்த வைன்.

அந்தக் கடதாசியைச் சுடுதண்ணீரில் ஊறவைத்துக் கழற்றி எடுத்து வைத்துக்கொண்டேன். காசு கொடுத்தது நான்தானே!

நேயர்களே, அந்த வைனின் பெயர் கோஸ் டெஸ்தூர்னெல். பிரான்சின் தென்மேற்கில் போர்தோ நகரத்துக்கு வடக்கே, ஜிரோந்த் ஆற்றின் கரையோரமாக மெடொக் என்ற ஒரு பகுதி இருக்கிறது. அங்கே சென்-எஸ்தெப் என்ற ஊரில் இந்தத் தோட்டம். லூயி-கஸ்பார் டெஸ்தூர்னெல் என்பவர் 1762இல் பிறந்தவர். பிரெஞ்சுப் புரட்சி நடந்துகொண்டிருந்த 1791இல் கோஸ் என்ற அந்தச் சிறு மேட்டில் சில துண்டு முந்திரிகைத் தோட்டம் அவருக்கு முதுசமாக வந்தது. இங்கே பிறந்த பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன்: யாழ்ப்பாணத்தில் நாங்கள் முந்திரிகை என்று சொல்வது நீங்கள் ரேசின் என்று சொல்லும் பழத்தை. திராட்சை என்பது அதன் மற்றப் பெயர். நாங்கள் கஜு என்று சொல்வது வேறு.

கோஸ் என்ற சொல்லுக்கு அந்தப் பகுதியின் பழைய கஸ்கோன் மொழியில் கூழாங்கல் மேடு என்று பொருள். ஒரு பக்கம் சிறு ஓடை. ஓடையைத் தாண்டினால் உலகப் புகழ்பெற்ற லஃபித் தோட்டம். டெஸ்தூர்னெலுக்குத் தன் மேட்டுப் பழத்தின் சுவை அயலில் உள்ளதைவிட வேறு என்று பட்டது. மற்றவர்களின் வைனோடு கலந்து விற்காமல் தனியாகவே செய்து, தன் பெயரிலேயே விற்கத் தொடங்கினார். தோட்டத்தார் தங்கள் தொடக்க ஆண்டாக 1811ஐச் சொல்கிறார்கள். பிறகு அயல் காணிகளைச் சிறுகச் சிறுக வாங்கிச் சேர்த்தார்.

அவர் வியாபாரமும் தெரிந்தவர். போர்தோ வியாபாரிகளின் கையை மட்டும் பார்த்துக்கொண்டிருக்காமல் தூரதேசங்களுக்குத் தானே விற்றார். அதில் ஒன்று இந்தியா. அப்போது சுயஸ் கால்வாய் இல்லை; அது திறந்தது 1869இல்தான். ஆபிரிக்காவின் அடிமுனையைச் சுற்றி மாதக் கணக்கில் கப்பல் ஓட வேண்டும். அங்கே விற்காமல் மிஞ்சிய வைன் திரும்பவும் அதே வழியால் பிரான்சுக்கு வந்தது. வந்ததைக் குடித்துப் பார்த்தபோது, போகாமல் வீட்டில் இருந்த வைனைவிட அது நன்றாக இருந்ததாம். அன்றுமுதல் இந்தியாவிலிருந்து திரும்பியது என்று அடையாளம் இட்டு அதைத் தனியாக விற்றார் என்பது தோட்டத்தாரின் வரலாறு. ஊரார் அவருக்கு சென்-எஸ்தெப்பின் மகாராசா என்று பட்டப்பெயர் வைத்தார்கள்.

இது வெறும் கட்டுக்கதை என்று நினைக்காதீர்கள். போர்த்துக்கல்லின் மதேரா தீவு வைனுக்கும் இதுதான் நடந்தது. வெப்ப நாடுகளின் கடலைக் கடந்து திரும்பிய பீப்பாக்களைத்தான் அந்தக் காலத்தில் தேடி வாங்கினார்கள். காரணமும் உண்டு. சிவப்பு வைனில் பழத்தோலிலிருந்தும் விதையிலிருந்தும் வரும் துவர்ப்பு இருக்கிறது. பச்சை வாழைக்காயைக் கடித்தால் நாக்கு இழுக்குமே, அந்த மாதிரித் துவர்ப்பு. புது வைனில் அது முரடாக நிற்கும். காலம் போகப் போக, கொஞ்சம் காற்றும் சூடும் பட்டு, அது இளகி மெதுவாகும். வீட்டு நிலவறையில் பல வருடம் எடுக்கும் வேலையைக் கப்பலின் சூடு விரைவாகச் செய்திருக்கும். சூடு மிஞ்சினால் வைன் கெட்டுப் புளித்தும் போகும். போன பீப்பா எல்லாம் நல்லதாகத் திரும்பியது என்று நான் சொல்லமாட்டேன். புலம்பெயர்ந்த ஆட்களும் அப்படித்தானே.

அந்த இந்திய வியாபாரத்தின் நினைவாகத்தான் வைன் வைக்கும் கட்டடத்துக்கு டெஸ்தூர்னெல் மூன்று கோபுரம் வைத்தார். சன்சிபார் சுல்தானின் மாளிகையில் இருந்த, சித்திரம் செதுக்கிய மரக்கதவு ஒன்றும் வந்து அங்கே வாசலாயிற்று. பிரெஞ்சு எழுத்தாளர் ஸ்தாந்தால் 1838இல் அந்தப் பக்கம் பயணம் செய்தபோது இந்தக் கட்டடத்தைக் கண்டு, எந்தப் பாணியிலும் சேராத ஒன்று என்ற கருத்தில் எழுதியிருக்கிறார். சீனத்துக் கூரை, ஆபிரிக்கக் கரையின் கதவு, இந்தியாவின் பெயர், பிரெஞ்சு மண். ஷாத்தோ என்றால் மாளிகை என்று அகராதி சொல்லும். ஆனால் இங்கே மனிதர் குடியிருக்கவில்லை. வைனுக்காகக் கட்டிய வீடு அது.

நான் அந்தக் கடதாசியைப் பற்றி 1988இல் அப்பாவுக்கு ஒரு கடிதம் எழுதினேன். ஏன் அப்பாவுக்கு எழுதினேன் என்றால், அவர் உரும்பிராயில் முந்திரிகைத் தோட்டம் செய்தவர். எங்கள் ஊர்ப்பக்கம் செம்பாட்டு மண்ணில், கல் தூண் நட்டு, கம்பி இழுத்துப் பந்தல் போட்டு, அதன்மேல் கொடியைப் படரவிட்டிருந்த காட்சி உங்களில் பலருக்கு நினைவிருக்கும். இஸ்ரேல் புளூ என்ற இனம். கீழே நின்று அண்ணாந்து பார்த்தால் கறுப்புக் குலைகள் தொங்கும். பழம் முற்றும் காலத்தில் வெளவாலுக்கும் குருவிக்கும் வலை போட வேண்டும். தோலகட்டி ஆச்சிரமத்துச் சாமிமார் முந்திரிகையில் வைன் செய்வார்கள். ஆனால் எங்கள் வீட்டுக்கு அங்கிருந்து வந்தது நெல்லிரசப் போத்தல் மட்டும்தான்.

எங்களுக்கு எட்டுப் பரப்புக் காணி. அதில் ஐந்து பரப்பை, பந்தலோடு சேர்த்து, அப்பா 1986இல் விற்றார். எதற்கு? என்னை வெளியே அனுப்பும் ஏஜென்சிக் காசுக்கு. வாங்கியவர் அயலவர், நல்ல மனிதர். அவருக்குத் தோட்டம் செய்யத் தெரியாது. அதனால் அப்பாவிடமே குத்தகைக்குக் கொடுத்துவிட்டார். நேற்றுவரை தன்னுடையதாக இருந்த பந்தலுக்குக் கீழே அப்பா குத்தகைக்காரனாக நின்று தண்ணீர் இறைத்தார்.

அவருடைய பதில் கடிதம் மூன்று மாதம் கழித்து வந்தது. கோபுரத்தைப் பற்றியோ மகாராசாவைப் பற்றியோ ஒரு சொல் இல்லை. சுகம் விசாரித்துவிட்டு, கடைசியில் மூன்று கேள்வி கேட்டிருந்தார். அந்த மண் என்ன மண்? வருடத்தில் எத்தனை தரம் கத்தரிக்கிறார்கள்? தண்ணீர் எப்படி?

எனக்கு மறுமொழி தெரியாது. யாரிடம் கேட்பது என்றும் தெரியாது. பிறகு எழுதலாம் என்று விட்டேன். வேலை, அகதி விண்ணப்பம், தங்கச்சியின் கலியாணக் காசு, என் கலியாணம், பிள்ளை... பிறகு என்பது வரவேயில்லை. 1990க்குப் பின் பொருளாதாரத் தடையில் மண்ணெண்ணெய் கிடைப்பது அரிதாகி, இறைப்பு மெஷினை ஓட்டுவதே பெரும்பாடாயிற்று. 1995 ஐப்பசி 30ஆம் திகதி வலிகாமமே எழும்பித் தென்மராட்சிக்கு நடந்ததே, அந்தச் சனத்துக்குள் அப்பாவும் அம்மாவும் நடந்தார்கள். 1996இல் திரும்பி வந்து பார்த்தபோது, மாதக்கணக்கில் தண்ணீர் காணாத பந்தல் காய்ந்து கிடந்தது. தூண்களில் பாதி இல்லை. அப்பா 1999இல் காலமானார். நான் போகவில்லை.

டெஸ்தூர்னெலின் கதைக்குத் திரும்புகிறேன். அவருடைய முடிவை நான் அறிந்துகொண்டது பல வருடத்துக்குப் பிறகு, என் மகள் கல்லூரியில் படிக்கும்போது. அந்தக் கடதாசி ஒரு பழைய அல்பத்துக்குள் கிடந்தது. அதைக் கண்டு, இது என்ன அப்பா என்று கேட்டாள். நான் சொல்ல, அவள் பிரெஞ்சில் தேடி வாசித்து எனக்குச் சொன்னாள். காணி வாங்குவதிலும் கட்டடம் கட்டுவதிலும் மனிதருக்குக் கடன் ஏறிவிட்டது. 1852இல், தொண்ணூறு வயதில், மார்ட்டின்ஸ் என்ற இலண்டன் வங்கியாளருக்குத் தோட்டத்தை விற்றார். வாங்கியவர் கிழவரைத் துரத்தவில்லை. அங்கேயே இருக்க விட்டார். 1853இல் அவர் இறந்தார். இரண்டே வருடம். 1855இல் பாரிசில் பெரிய பொருட்காட்சி நடந்தது. மூன்றாம் நெப்போலியனின் விருப்பப்படி போர்தோ வைன்கள் ஐந்து வகுப்பாகத் தரம் பிரிக்கப்பட்டன. முதல் வகுப்பில் நான்கு தோட்டம். அதற்கு அடுத்த இரண்டாம் வகுப்பில் கோஸ் டெஸ்தூர்னெல். அந்தப் பட்டியலில் இன்றுவரை பெரிய மாற்றம் என்றால் 1973இல் மூத்தோன் தோட்டம் முதல் வகுப்புக்கு ஏறியது ஒன்றுதான்.

மகள் இதை வாசித்துவிட்டு, "பாவம் அப்பா அந்த மனுசன். தன்ட காணியிலேயே இன்னொருத்தற்ற தயவில இருந்து செத்திருக்கிறார். பேர் வந்ததையும் பாக்கேல்லை" என்றாள்.

நான் எழும்பி யன்னலடிக்குப் போய்விட்டேன். தாத்தாவின் ஐந்து பரப்பின் கதையை அவளுக்கு அதுவரை நான் சொன்னதேயில்லை. தன்னைப் பெற்றவன் கனடா வந்த காசு எங்கிருந்து வந்தது என்று அவளுக்குத் தெரியாது. அன்றிரவு சொன்னேன்.

2018 கோடையில் ஒரு கலியாணத்துக்குப் பாரிஸ் போனோம். கலியாணம் முடிந்த கையோடு, மகள்தான் பிடிவாதமாக என்னைப் போர்தோவுக்குக் கூட்டிக்கொண்டு போனாள். வேக ரயிலில் இரண்டு மணித்தியாலம். அங்கிருந்து வாடகைக் காரில் ஏறக்குறைய 60 கிலோமீற்றர். லஃபித்தைத் தாண்டி, ஓடையைத் தாண்டி, வீதி ஒரு சின்ன மேட்டில் ஏறி வளைய, முன்னால் அந்த மூன்று கோபுரம். முப்பது வருடம் கடதாசியில் பார்த்தது.

"எங்கட கோயில் கோபுரம் மாதிரி இல்லையே அப்பா" என்றாள்.

"இல்லைப் பிள்ளை. கதையில கேட்டதை வைச்சுக் கட்டினது போல" என்றேன்.

நான் கோபுரத்தை அதிகம் பார்க்கவில்லை. வீதியோரம் குனிந்து மண்ணைக் கையில் எடுத்தேன். மண்ணா அது! கூழாங்கல். புறா முட்டை அளவிலிருந்து கோழி முட்டை அளவுவரை. அதற்குக் கீழே களியும் மணலும் என்று கூட்டிச் சென்று காட்டியவர் விளக்கினார். பகலில் கல் சூடேறி இரவில் அந்தச் சூட்டைக் கொடிக்குக் கொடுக்கும். மழைத் தண்ணீர் நிற்காமல் வடியும். தண்ணீர் தேடி வேர் ஆழம் போகும். இறைப்புக் கிடையாது. மழையை நம்பிய பயிர். வேறொன்றும் சரியாக விளையாத நிலம். ஆனால் முந்திரிகைக்கு அதுதான் பிடித்தது.

கத்தரிப்பது வருடத்தில் ஒரு தரம், மாரி காலத்தில். குளிரில் இலை கொட்டிக் கொடி உறங்கும். எங்கள் ஊரில் குளிர் இல்லாததால் கொடிக்கு உறக்கம் இல்லை. நாங்கள்தான் கத்தரித்து, இலை உருவி, அதை ஏமாற்றிப் பூக்க வைக்கிறோம். அதனால்தான் யாழ்ப்பாணத்தில் வருடத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட தரம் பழம் எடுக்கலாம். பந்தலும் இல்லை அங்கே. இடுப்பளவு உயரத்தில் கம்பி வேலி மாதிரி வரிசை வரிசையாக நிற்கிறது. இப்போது தோட்டம் சுமார் 100 ஹெக்டேயர் என்றார்கள். எங்கள் கணக்கில் ஏறக்குறைய 4000 பரப்பு. பெரும்பகுதி கபெர்னே சோவிஞோன், அடுத்தது மெர்லோ. 2000ஆம் ஆண்டிலிருந்து மிஷெல் ரெபியே என்பவர் உரிமையாளர்.

புரட்டாதி, ஐப்பசியில் பழம் பறிப்பு. கறுப்பு முந்திரிகையானாலும் சாறு வெள்ளைதான். தோலோடு சேர்த்துப் புளிக்க வைப்பதால்தான் சிவப்பு வருகிறது. பிறகு ஓக் மரப் பீப்பாவில் ஒன்றரை வருடமளவில் கிடக்கும். 2008இல் கட்டிய புதிய நிலவறையில் பம்பு கிடையாது. வைனை இடம் மாற்ற வேண்டுமென்றால் தொட்டியையே லிப்டில் ஏற்றி, மேலிருந்து தானாக வழியவிடுகிறார்கள். பம்பு அடித்தால் வைனுக்கு அதிர்ச்சியாம். மண்ணெண்ணெய்க்கு வரிசையில் நின்று இறைத்த என் அப்பா இதைக் கேட்டிருந்தால் சிரித்திருப்பார்.

இன்னொன்றும் சொன்னார்கள். அதுதான் என் மனதில் நின்றது. 1860களில் அமெரிக்காவிலிருந்து வந்த பைலொக்சரா என்ற சிறு பூச்சி பிரான்சின் முந்திரிகை வேர்களைத் தின்று, தோட்டம் தோட்டமாக அழித்தது. மருந்தடித்தார்கள், வெள்ளம் பாய்ச்சினார்கள். நிரந்தர வழி ஒன்றுதான் கிடைத்தது. அந்தப் பூச்சியோடு வாழப் பழகிய அமெரிக்க முந்திரிகையின் வேரை எடுத்து, அதன்மேல் பிரெஞ்சுக் கொடியை ஒட்டுவது. எங்கள் ஊர் ஒட்டுமா மாதிரி. இன்றைக்குப் போர்தோவில் நிற்கும் கொடிகளில் ஏறக்குறைய எல்லாமே மேலே பிரெஞ்சு, கீழே அமெரிக்க வேர். பழத்தின் சுவை மேலே உள்ள கொடியைப் பொறுத்தது. பூச்சிக்குத் தாக்குப்பிடிப்பது கீழே உள்ள வேர். இங்கே பிறந்து, பள்ளியில் பிரெஞ்சும் வீட்டில் தமிழும் பேசும் எங்கள் பிள்ளைகளை, வேர் இல்லாத பிள்ளைகள் என்று சிலர் சொல்லும்போது எனக்கு இந்த ஒட்டுத்தான் நினைவுக்கு வரும். வேர் இல்லாமல் இல்லை. வேர் இந்த மண்ணுக்குத் தாக்குப்பிடிக்கும் வேர். மேலே என்ன கொடி ஒட்டுகிறோம் என்பது பெற்றவர்களின் வேலை.

எங்கள் கியூபெக்கிலும் முந்திரிகை உண்டு. டன்ஹம் பக்கம் லோர்பையர் என்ற தோட்டம் 1982இல் தொடங்கியது. மாரிக்கு முன்னர் கொடியின் அடியை மண்ணால் மூடிப் புதைத்து, வசந்தத்தில் திரும்பக் கிண்டி எடுப்பார்கள். புரட்டாதியில் அப்பிள் பிடுங்கப் போகும் நேரத்தில் ஒருதரம் பிள்ளைகளை அந்தப் பக்கமும் கூட்டிச் செல்லுங்கள். குடிக்க வேண்டியதில்லை, பார்த்தால் போதும்.

அந்தக் கோஸ் டெஸ்தூர்னெல் போத்தலை நான் குடித்தேனா என்று கேட்பீர்கள். அன்றைக்குத் தோட்டத்தில் சிறு கண்ணாடியில் இரண்டு மிடறு ஊற்றித் தந்தார்கள். துவர்ப்பு, கறுப்புப் பழ மணம், சீவிய மரத்தின் மணம். மகளுக்குப் பிடித்தது. எனக்குத் தேத்தண்ணீர்தான். இங்கே எஸ்.ஏ.கியூ. கடையில் அதன் ஒரு போத்தல் இருநூறு டொலருக்கு மேல். ஒருதரம் அதற்குக் காசு கட்டியாயிற்று. இன்னொரு தரம் வேண்டாம்.

சரி, காணியைப் பற்றி என்று தொடக்கத்தில் சொன்னேனே. விற்காமல் மிஞ்சிய மூன்று பரப்பும் வீடும் அம்மாவுக்குப் பிறகு என் பெயருக்கு வந்தது. சில வருடங்களாகத் தரகர்கள் தொலைபேசி எடுக்கிறார்கள். நல்ல விலை. இங்கே வீட்டுக் கடன் இருக்கிறது. பிள்ளைகள் அங்கே போய் இருக்கப் போவதில்லை. விற்பதுதான் புத்தி என்று நண்பர்கள் சொன்னார்கள். வலிகாமம் வடக்கில் 1990இல் எழும்பியவர்களில் எத்தனையோ பேரின் காணி இன்னும் இராணுவத்திடம் இருக்கிறது. விற்கவோ வைத்திருக்கவோ அவர்களுக்குத் தெரிவே இல்லை. எனக்குத் தெரிவு இருக்கிறது. அதனாலேயே எனக்கு நித்திரை இல்லாமல் போயிற்று.

விற்பவர்களை நான் குறை சொல்ல வரவில்லை. என் அப்பாவே விற்றவர்தான். அவர் விற்றிருக்காவிட்டால் நான் இன்று இந்த ஒலிவாங்கிக்கு முன்னால் இல்லை. ஆனால் இந்த முறை பிள்ளைகளைக் கேட்காமல் முடிவெடுக்கக்கூடாது என்று நினைத்தேன். மேசையில் உறுதியை விரித்து வைத்து, எல்லை எது, கிணற்றுப் பங்கு யாருக்கு, வழி எந்தப் பக்கம் என்று வாசித்துக் காட்டினேன். மகள் கேட்டாள்: "தாத்தாவின்ர கேள்விக்கு நீங்கள் மறுமொழி எழுதவேயில்லைத்தானே?"

இல்லை என்றேன்.

போன வருடம் என் ஒன்றுவிட்ட தம்பியின் மகனிடம் அந்த மூன்று பரப்பையும் தோட்டம் செய்யக் கொடுத்திருக்கிறோம். ஐந்து வருடத்துக்கு; குத்தகைக் காசு வேண்டாம், வீட்டையும் கிணற்றையும் பார்த்துக்கொண்டால் போதும் என்று எழுத்தில் எழுதி. அவன் என்ன வைக்கப்போகிறான் என்று நான் கேட்கவில்லை. வெங்காயம் வைத்தாலும் சரி. சென்ற மாதம் படம் அனுப்பியிருந்தான். ஒரு மூலையில் பத்துக் கல் தூண் நின்றது. கம்பி இன்னும் இழுக்கவில்லை. கொடி காய்க்கச் சுணங்கும், அதுவரைக்கும் கீழே மிளகாய் போடலாம் என்று எழுதியிருந்தான்.

நேயர்களே, உங்கள் வீட்டு அலுமாரியிலும் ஓர் உறுதி இருக்கும். அல்லது இழந்த காணியின் இலக்கம் எழுதிய ஒரு துண்டு இருக்கும். விற்பதோ வைத்திருப்பதோ உங்கள் வசதி. ஆனால் எதைச் செய்வதற்கு முன்னும் பிள்ளைகளை இருத்தி அதை வாசித்துக் காட்டுங்கள். அந்த மண் என்ன மண், என்ன விளைந்தது, யார் தண்ணீர் இறைத்தார்கள், உங்களை இங்கே அனுப்ப யார் எதை விற்றார்கள் என்று சொல்லுங்கள். ஊரில் உங்களுக்குக் கடிதம் எழுதக்கூடியவர்கள், கேள்வி கேட்கக்கூடியவர்கள் இன்னும் இருந்தால், மறுமொழியைப் பிந்தவிடாதீர்கள்.

அப்பாவுக்கு: கூழாங்கல் மண். வருடத்தில் ஒரு தரம். மழைத் தண்ணீர் மட்டும்.